மூன்றாம் இடத்துப் புட்டி

நீங்கள் வைத்த தண்ணீரை நான் இன்னும் தொடவில்லை என்று தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழாய்த் தண்ணீர்தானே, கொஞ்சம் அடியில் படியட்டும். தொழில் பழக்கம். வீட்டிலும் அப்படித்தான், டம்ளரை எதிரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "குடிக்கப் போறீங்களா, இல்ல அதுக்குப் பரீட்சை வைக்கப் போறீங்களா?" என்பாள் என் மனைவி.

மேஜைமேல் இருக்கும் மற்ற இரண்டு பொருள்களையும் பார்த்துவிட்டேன். கண்ணாடித் தட்டில் வட்டமாக ஒரு வடிதாள். பக்கத்தில் சிவப்புக் கம்பளி நூற்கண்டு. தண்ணீரை வடித்து மண்ணைப் பிடிக்கும் அந்தத் தாள் ஆய்வகத்திலிருந்து வந்தது என்று தெரியும். நூற்கண்டை யார் கொடுத்தார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. அது என் வீட்டு அலமாரியில் மேல்தட்டில் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறினால்தான் எட்டும். யாரோ ஏறியிருக்கிறார்கள்.

சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். வரிசையாகச் சொன்னால்தான் விளங்கும். நடுவில் குறுக்கிடாதீர்கள், அவ்வளவுதான்.

மலைச்சரிவில் சுரங்கம் வரப்போகிறது என்பது உங்களுக்கும் தெரியும். தோண்டுவதற்கு முன்னால், கீழே ஓடும் ஓடை இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று ஒருவர் பார்த்து எழுத வேண்டும். கரை எங்கே சரிகிறது, படுகையில் கல்லா மணலா, ஒரு லிட்டர் தண்ணீரில் எவ்வளவு மண் வருகிறது. வாடகைக் கார் எடுக்கும்போது அதில் ஏற்கெனவே இருக்கும் கீறல்களையெல்லாம் போட்டோ எடுத்து வைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதே வேலைதான். நாளைக்கு ஓடை கலங்கினால் எது பழைய கீறல், எது புதுக் கீறல் என்று என் அறிக்கைதான் சொல்லும்.

பழைய கீறல் அதிகம் என்று எழுதிவிட்டால் புதுக் கீறலுக்கு யாரையும் பிடிக்க முடியாது. இதைப் புரிந்துகொள்ளப் படிப்பு வேண்டியதில்லை. அதனால்தான் என் தொழிலில் எல்லாரும் எல்லாரையும் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஓடைத் தண்ணீரைக் குடிக்கும் கீழூர்க்காரர்களுக்கு நான் கம்பெனி ஆள். கம்பெனிக்காரர்களுக்கு நான் கீழூர் ஆள். கம்பெனி மேனேஜர் நீட்டிய காப்பியைக்கூட நான் வாங்கியதில்லை, பிளாஸ்க்கில் என் காப்பியை நானே கொண்டுபோவேன். ஆபீஸில் எனக்கு 'மில்லிகிராம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

இன்னொரு பெயர் கொக்கு. அது என் மனைவியின் தம்பிக்கு. உடம்பில் பாதி கால்தான். ஓடை நடுவில் ஒற்றைக் காலில் நின்றபடி மற்ற காலின் பூட்ஸைக் கழற்றித் தண்ணீரைக் கவிழ்ப்பான். பார்த்தவர்கள் வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனை நான்தான் என்னோடு சேர்த்துக்கொண்டேன். நன்றாகக் கற்றுக்கொண்டான். கொஞ்சம் அளவுக்கு மீறியே.

குளிர்ந்த தண்ணீரில் கை விறைத்துப் போகிறது என்று அவன் ஒருமுறை சொன்னான். உடனே என் மனைவி தன் பழைய சிவப்பு ஸ்வெட்டரைப் பிரித்து அவனுக்குக் கையுறை பின்ன ஆரம்பித்தாள்.

"கொக்குக்கு ஏதுக்கா கை? ரெக்கைக்குப் பின்னித் தா" என்றான்.

"போட்டுக்கடா. கைய ஆட்டினா எங்கேர்ந்து பார்த்தாலும் தெரியணும்" என்றாள்.

மிச்சம் இருந்த நூல்தான் அந்தக் கண்டு.

இப்போது கருவியைப் பற்றி ஒரு நிமிடம். நீளமான அலுமினியக் கோல். அதன் நுனியில் ஒரு கம்பிக் கூண்டு. கூண்டுக்குள் புட்டி. புட்டியின் வாயில் சின்ன மூக்கு, அதன் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போகும். கூண்டுக்கு அடியில் உலோகத்தில் ஒரு கால். அந்தக் கால் தரையில் ஊன்றும்போது மூக்கு மட்டும் தரைக்கு மேலே நிற்க வேண்டும். மூக்கு தரையில் பட்டால் தண்ணீரோடு படுகை மணலையும் வாரிக்கொள்ளும். கணக்கில் இல்லாத மண் கணக்கில் ஏறிவிடும்.

மழைக்காலம் தொடங்கும் முன் எங்கள் கோலின் கால் உடைந்தது. புதிது வரவழைக்க நாளாகும் என்று வெல்டிங் பட்டறையில் பக்கத்திலேயே நின்று ஒன்று செய்து வாங்கினேன். கட்டை விரல் அகலம் குட்டையாகிவிட்டது. பார்த்தால் தெரியாது. மழைக்காலம் முழுவதும் அந்தக் காலோடுதான் தண்ணீர் மாதிரி எடுத்தோம்.

மழை ஓயும் சமயத்தில் ஒரு மத்தியானம், எங்கள் தங்குமிடத்துத் தொட்டியில் கொக்கு புட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தான். ஒரு புட்டியின் அடியிலிருந்து எதையோ விரலால் எடுத்தான். பல்லில் வைத்துக் கடித்துப் பார்த்தான். மண் எவ்வளவு நைசு என்று பார்க்க நாங்கள் செய்வதுதான், நான் கற்றுக்கொடுத்ததுதான். பிறகு எழுந்துபோய் ஸ்கேலை எடுத்து வந்தான்.

"மாமா, கால் குட்டையா இருக்கு."

"யாருக்கு?"

"நம்ம கோலுக்கு. தண்ணியில மிதந்து வர்ற மண்ணு மாவு மாதிரியில்ல இருக்கணும்? இது பல்லுல நறநறங்குது. மூக்கு அடியில போய் முட்டியிருக்கு. இந்த மழைக்கு எடுத்த அத்தனை புட்டியும் தண்ணியக் குடிக்கல மாமா, மண்ணைத் தின்னிருக்கு."

அவன் சொன்னது சரி. அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கம்பெனி, கீழூர், அரசாங்கம் மூவரும் உட்காரும் கருத்துக் கேட்புக் கூட்டம் நெருங்கிவிட்டது. ஒரு மழைக்காலத்தின் அளவுகளைத் திரும்ப எடுக்க இன்னொரு மழைக்காலம் வர வேண்டும். நிதானமாகத்தான் பேசினேன்.

"கூட்டம் முடியட்டும் மாப்ளே. அடுத்த மழைக்குச் சரியான கால மாட்டி எடுத்துத் திருத்திக்கலாம்."

"பஸ்ஸு போனப்புறம் கை காட்டற கதையா இருக்கே. கூட்டத்துலதானே மாமா அளவு முடிவாகுது? ஓடையில ஏற்கெனவே இவ்ளோ மண்ணு இருக்குன்னு நாம சொன்னா, அந்த அளவுக்குக் கம்பெனிக்காரனும் கலக்கிக்கலாம்னு ஆயிடாது? அதத்தானே கீழ இருக்கறவங்க குடிக்கணும்?"

இதிலும் அவன் சொன்னது சரி. நான் முட்டாள் இல்லை, சார்.

சின்னத் தவறு, யாருக்கும் வரும், ஒப்புக்கொண்டால் என்ன என்று நீங்கள் நினைக்கலாம். யாருக்கும் வரலாம், நான் யாரோ இல்லையே. இந்தக் கோலை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் பாடத்தை எழுதியவன் நான். அதில் முதல் வரியே இதுதான்: மூக்கு தரையைத் தொடக் கூடாது.

நான் யோசித்துக்கொண்டிருந்ததை அவன் வேறு விதமாக எடுத்துக்கொண்டான் போலிருக்கிறது. கையைத் துடைத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான்.

"மாமா, தப்பா நினைக்காதீங்க. கம்பெனிக்காரங்க ஏதாச்சும்..."

"ஏதாச்சும்?"

"ஒண்ணுமில்ல."

கம்பெனியின் காப்பியைக்கூட வாங்காதவன் நான். என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன், நான் கற்றுக்கொடுத்த வேலையை வைத்துக்கொண்டு, அந்த 'ஒண்ணுமில்ல'வை என் முன்னால் போட்டான். எனக்குக் கோபம் வரவில்லை. நான் கோபப்படுகிற ஆள் இல்லை, யாரை வேண்டுமானாலும் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு முடிவுக்கு வந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சுக் குறைந்தது. அவன் எங்கிருந்தோ சரியான அளவில் ஒரு கால் வாங்கி வந்து கோலில் மாட்டினான். கழற்றிய குட்டைக் காலைக் காணவில்லை. பட்டறைக்குப் போட்டிருப்பான் என்று நினைக்க ஆசைப்பட்டேன். ஆனால் அவன் குனியும்போதெல்லாம் சட்டைப்பையைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தான். கூட்டத்தில் எழுந்து நின்று அதை எடுத்துக் காட்டும் அவன் கை எனக்குத் தெரிய ஆரம்பித்தது. சாப்பாட்டு மேஜையில் அவன் என்னைப் பார்ப்பான், நான் நிமிர்ந்தால் தட்டைப் பார்ப்பான். நானும் அதையேதான் செய்தேன்.

"என்ன ரெண்டு பேரும்? வாய ஓடையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள் என் மனைவி.

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்தே அவள் கவனித்துக்கொண்டிருக்கிறாள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

கூட்டத்துக்கு முன்னால் கடைசி முறையாக மாதிரி எடுக்க வேண்டிய நாள் வந்தது. முந்தின நாள் மலைமேல் நல்ல மழை. காலையில் வெள்ளம் வடிந்துவிட்டது, ஆனால் தண்ணீர் கட்டன் காப்பி நிறத்தில் இருந்தது. மேலே காட்டில் ஊறிய இலைகளின் சாயம். அதைப் பார்த்துக் கலங்கல் என்று ஏமாறக் கூடாது. நிறம் வேறு, மண் வேறு. அந்தத் தண்ணீரில் மண்ணே இருக்காது. அடி மட்டும் தெரியாது.

வழக்கம்போல் நான் முன்னதாகப் போய் மூன்று இடங்களையும் ஒரு சுற்றுப் பார்த்தேன். முதலாவது பாலத்தடி. இரண்டாவது பாறை. மூன்றாவது வளைவில், விழுந்த மரத்தின் வேர்கள் தண்ணீருக்குள் விரிந்து கிடக்கும் இடம். போன வாரம் அங்கே முழங்கால் ஆழம்தான், சரளைக்கல் தரை. அன்றைக்குக் கோலை இறக்கினேன். கோல் போய்க்கொண்டே இருந்தது. வெள்ளம் சரளையை வாரிக்கொண்டு போய்ப் பள்ளம் பறித்திருந்தது.

இப்படிப்பட்ட மாற்றத்தைப் பார்த்தால் அங்கேயே நின்று எழுதிக்கொள்வேன். அன்றைக்கு எழுதவில்லை. பேனாவைக் காரில் வைத்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

பிறகு கொக்கு வந்தான். பாலத்தடியிலும் பாறையிலும் அவன்தான் மாதிரி எடுத்தான். மூடியில் இடம், நேரம், எடுத்தவர் மூன்றையும் எழுதிப் பெட்டியில் செருகினான். மூன்றாம் இடத்தில் முதலில் ஓடையின் அகலத்தை அளக்க வேண்டும். அதற்கு ஒருவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடக்க வேண்டும். தண்ணீரில் இறங்குகிறவன் இடுப்பில் கயிறு, கரையில் நிற்பவன் கையில் மறுநுனி. இதுவும் நான் எழுதிய பாடத்தில் உண்டு.

"தண்ணி எவ்ளோ மாமா?"

"போன வாரம் பார்த்தோமே. முழங்கால்."

நான் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். போன வாரம் முழங்கால்தான்.

"கயிறு?"

"கார்ல இருக்கு. முழங்கால் தண்ணிக்குக் கயிறா மாப்ளே?"

அவன் முகம் மலர்ந்துவிட்டது. கயிற்றுக்காக இல்லை. 'ஒண்ணுமில்ல'வுக்குப் பிறகு நான் அவனை மாப்ளே என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. டேப்பை எடுத்தவன் நின்று திரும்பினான்.

"மாமா, நான் ஒண்ணு யோசிச்சேன். கூட்டத்துல நான் சொன்னா உங்களுக்கு அசிங்கமாப் போயிடும். நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது பெரிய மனுஷத்தனம். நான் வாயே திறக்க மாட்டேன்."

நல்ல யோசனை. அவனிடமும் அப்படித்தான் சொன்னேன்: "நல்ல யோசனைதான்."

தொடை வரை வரும் ரப்பர் பூட்ஸில் தண்ணீர் புகுந்துவிட்டால் காலில் கல்லைக் கட்டியதுபோல ஆகிவிடும். நாலைந்து எட்டு வைத்தான். அடுத்த எட்டில் தலை மட்டும் தெரிந்தது. நீரோட்டம் அவனை வேர்ப்பக்கம் தள்ளியது. கால் தரையைத் தேடி உதைத்ததில் அடியிலிருந்து மண் கிளம்பியது, கட்டன் காப்பியில் பால் விட்டதுபோல. அவன் கையை ஆட்டினான். சிவப்பு நன்றாகத் தெரிந்தது. என் மனைவி சொன்னது சரி.

என் கையில் கோல் இருந்தது. அது அவன் வரைக்கும் எட்டுமா என்றுதானே கேட்க வருகிறீர்கள்? எட்டும். கோலை நீட்டினேன்.

புட்டி மாட்டியிருந்தது, மாதிரி எடுக்க வேண்டிய நேரமும் அதுதான். பழகிய கை பழகியதைச் செய்கிறது. கோலை ஒரே வேகத்தில் இறக்கி ஒரே வேகத்தில் ஏற்ற வேண்டும், நடுவில் அசையக் கூடாது. அசைந்தது. அவன் பிடித்துவிட்டான், கூண்டை. விரல்கள் மூக்கின்மேல் இருந்தன. என்னைப் பார்த்து "மாமா" என்றான். மாதிரி கெட்டுவிடும் என்று கோலைக் கொஞ்சம் திருப்பி என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஈரக் கம்பளிக்குப் பிடிமானம் போதாது.

அவன் திரும்பவும் வந்தான். நான் திரும்பவும் இறக்கினேன், புட்டி நிறையவில்லை என்பதால். இந்தத் தடவை அசையவில்லை.

புட்டியைக் கழற்றி மூடினேன். மூடியில் இடம் எழுதினேன். நேரம் எழுதினேன். எடுத்தவர் என்ற இடத்தில் என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் பாலத்துக்கு ஓடி, அந்தப் பக்கம் போன லாரியை நிறுத்தி, உதவி கேட்டேன்.

உங்கள் ஆட்களிடம் அன்று வேறு விதமாகச் சொன்னேன். நான் பாலத்தடியிலேயே இருந்தேன், அவன் அவசரப்பட்டுத் தனியாக மூன்றாம் இடத்துக்குப் போய்விட்டான், சத்தம் கேட்டு ஓடினேன் என்று. நம்பினார்கள். அவன் சட்டைப்பையிலிருந்து எடுத்த உலோகத் துண்டைக் காட்டி இது என்ன என்று கேட்டார்கள். தெரியாது என்றேன்.

என் மனைவி நம்பவில்லை. அழுதுகொண்டிருந்தவள் அழுகையை நிறுத்திவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கயிறு இல்லாம நீங்க யாரையும் தண்ணியில இறக்க மாட்டீங்களே. தனியா விடவும் மாட்டீங்களே. அவன மட்டும் ஏங்க விட்டீங்க?" வேறு எவனுடைய மனைவியும் இப்படிக் கேட்டிருக்க முடியாது. ஒழுங்காக வாழ்ந்ததற்கு எனக்குக் கிடைத்த பலன் அது. அவள் அன்றே தன் படுக்கையைத் தம்பியின் அறைக்கு மாற்றிக்கொண்டாள். என் டம்ளரில் தண்ணீர் வைப்பதை மட்டும் நிறுத்தவில்லை. வைத்துவிட்டு, நான் குடிக்கும் வரை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

புட்டியை ஏன் தூக்கி எறியவில்லை என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். பெட்டியில் ஒரு குழி காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. சரி, 'எடுத்தவர்' இடத்தில் கொக்கின் எழுத்தைப் போட்டிருக்கலாமே என்பீர்கள். அவன் எடுக்கவில்லையே. அவன் எழுத்தை நான் போட்டால் அதற்குப் பெயர் மோசடி. நான் அதைச் செய்கிறவன் இல்லை.

ஆய்வகத்து அம்மா போன் செய்தார்கள். எதையும் லேசில் நம்பாதவர், என்னைப் போலவே.

"சார், மேல ரெண்டு எடத்துத் தண்ணியிலயும் மண்ணே இல்ல. மூணாவதுல மட்டும் மண்ணு ஏகத்துக்கு இருக்கே. எருமை கிருமை விழுந்து பொரண்டுச்சா?"

"இருக்கலாம்" என்றேன்.

"எருமைன்னா சிவப்புக் கம்பளி போட்டுக்கிட்டு விழுந்திருக்கும் போல. தாள்ல நூலு ஒட்டியிருக்கு."

அவர் சிரித்தார். நூலின் எடையைக் கழித்துவிடுங்கள் என்றேன். அவர் சிரிப்பதை நிறுத்தினார். போனை வைக்கும்போது "சரிங்க சார்" என்று சொன்ன குரல் வேறு மாதிரி இருந்தது.

கூட்டம் நல்லபடியாக நடந்தது. அறிக்கையின் முதல் பக்கத்தில் அவனுக்குக் காணிக்கை என்று போட்டிருந்தேன். கீழூர்க்காரர்கள்கூட எழுந்து நின்று மௌனமாக இருந்தார்கள். பிறகு அளவுகளை வாசித்தேன். இந்த ஓடை இயல்பாகவே இவ்வளவு மண்ணைச் சுமக்கும் என்று எழுதிக்கொண்டார்கள். உச்ச அளவாகக் குறித்துக்கொண்டது மூன்றாம் இடத்துப் புட்டியின் அளவை. அந்த அளவு வரைக்கும் சுரங்கம் கலக்கலாம். "எங்க தண்ணி இவ்ளோ கலங்கி நாங்க பார்த்ததே இல்லையே" என்று ஒரு பெண் கேட்டார். எல்லா நேரமும் நீங்கள் ஓடையைப் பார்த்துக்கொண்டா இருக்கிறீர்கள் என்று மரியாதையாகத்தான் கேட்டேன். உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் படிந்துவிட்டது, பாருங்கள். இப்போது குடிக்கலாம்.

எழுதிக்கொள்ளுங்கள். பள்ளம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அவனை இறக்கினேன். பிடித்த கையிலிருந்து கோலை உருவியதும் நான்தான். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று காட்டுங்கள், போடுகிறேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இது தெரிந்ததும் என் அறிக்கையைக் கிழித்துப் போடச் சொல்வார்கள். குட்டைக் காலோடு எடுத்தவற்றை நீக்கட்டும், அவை பிழையானவை, நானே ஒப்புக்கொள்கிறேன். மூன்றாம் இடத்துப் புட்டியை மட்டும் நீக்க விடாதீர்கள். அதை நான் என் கையால், சரியான காலை மாட்டிய கோலில், முறைப்படி எடுத்தேன். அடியில் அத்தனை ஆழம் இருந்தது, சார். மூக்கு தரையைத் தொடவே இல்லை.